தாய்மாமனின் தாடி

1

சரக்.

பனித்தளத்தில் விரைந்து வரும் சறுக்குக் காலணி சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது எழும் சத்தம் அது. நேற்றுப் பிற்பகல் எங்கள் தெருமுனைத் திடலில் இந்தக் குளிர்காலத்தின் முதல் தளம் உறைந்துவிட்டிருந்தது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் மட்டையும் கையுமாக இறங்கிவிட்டார்கள். நான் கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் நின்றேன். சரக். என் கை தானாக எழுந்து கன்னத்தைத் தடவியது. கையுறைக்குள் இருக்கும் விரலுக்குக் கன்னம் தெரியவில்லை. கன்னத்துக்கும் விரல் தெரியவில்லை.

காய்ந்த கன்னத்தில் சவரக்கத்தி இறங்கும்போதும் இதே சத்தம்தான். அதை நான் மே மாதத்தில் திருவண்ணாமலையில், மின்விசிறி அனல் இறைத்துக்கொண்டிருந்த ஒரு சலூனில் கேட்டேன். ஆறு மாதமாகிறது. எழுதினால் காதைவிட்டுப் போகும் என்று எழுதுகிறேன். போகாது என்றும் தெரியும்.

2

நான் இருக்கும் ஊர் வின்னிபெக். கனடாவின் நடுவயிற்றில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடுகூட இல்லாத ஊர். வந்து இருபத்திரண்டு வருடம். பிறந்த நாள் முதல் எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை தெரியும் ஊரில் வளர்ந்தவனுக்கு, இங்கே திசை என்பது இன்னும் பிடிபடவில்லை.

என் பெயர் அண்ணாமலை. குடியேற்ற அலுவலகத்தில் அதை இரண்டாக வெட்டி, அன்னாவை முதல் பெயராகவும் மலையைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதமெல்லாம் திருமதி அன்னா மலைக்கு வருகிறது. திருத்தச் சொல்லி மூன்று முறை படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை பதில் வந்தது: உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படுகிறது, திருமதி மலை. அத்தோடு விட்டுவிட்டேன். மலையே சும்மா உட்கார்ந்திருக்கிறது, நமக்கென்ன.

எட்டு வருடமாக நான் இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், முழுப் பொய்யில்லை. முன்பு நிஜமாகவே அந்த வேலைதான். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நான் குறைந்தேன். பொழுதுபோக்காக இருந்தது பிழைப்பாயிற்று. காலை ஒன்பதுக்கு உட்காருவேன். திரையில் நான்கு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து அந்நியர்கள். அதில் ஒரு பிரேசில்காரனோடு ஏழு வருடமாக ஆடுகிறேன். எப்போது பயப்படுவான், எப்போது பயப்படுவதுபோல் நடிப்பான் என்பது அவன் பொத்தானை அழுத்த எடுத்துக்கொள்ளும் நொடிகளிலேயே எனக்குத் தெரியும். அவன் பெயர் தெரியாது.

சீட்டாட்டக்காரனுக்கு உணர்ச்சி காட்டாத முகம் வேண்டும் என்பார்கள். அது நேரில் ஆடுபவனுக்கு. இணையத்தில் ஆடுபவனுக்கு முகமே வேண்டாம். வேண்டாத உறுப்பு மெல்லச் செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. என் மனைவி மல்லிகாவின் அப்பா போளூரில் காலமான செய்தி வந்தபோது அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் அறைக்கு வந்து சொன்னாள். நான் "அப்படியா" என்றேன். சொல்லிக்கொண்டே நாலாவது மேசையில் ஒரு ஆட்டத்தைக் கைவிட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது நிஜம். அது மேலே வரவில்லை. அவள் வாசலில் வெகுநேரம் நின்று என்னையே பார்த்தாள்.

"உங்க முகத்துல ஒண்ணுமே வரலைங்க," என்றாள்.

அவள் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எங்கள் மகன் கதிரையும் கூட்டிக்கொண்டு, பத்து நிமிட பஸ் தூரத்தில் ஒரு அடுக்ககத்துக்கு. இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

3

ஹாக்கி என்றால் நம் பள்ளி மைதானத்தில் பந்தைத் தட்டும் ஹாக்கி இல்லை. இங்கே பனிக்கட்டி மேல் ஆடுவது. பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. வந்த புதிதில் வில்லை எங்கே போகிறது என்றே என் கண்ணுக்குத் தெரியாது. கதிர் எட்டு வயதில் சொல்லிக் கொடுத்தான்: வில்லையைப் பார்க்காதீங்கப்பா, ஆளைப் பாருங்க. அதன்பிறகு பித்துப் பிடித்தது. எங்கள் ஊர் அணியின் ஒரு ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை. இவன் தோள்பட்டையில் காயம், அவன் கோபக்காரன் என்று எல்லாம் அத்துப்படி.

நாக்அவுட் சுற்றுகள் தொடங்கிவிட்டால் ஆட்டக்காரர்கள் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள். அணி வெளியேறும் வரை அல்லது கோப்பை வெல்லும் வரை தாடி. ரசிகர்களுக்கும் அதே விரதம். கதிருக்கு அப்போது மீசைகூட முளைத்திருக்கவில்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்க வளர்த்துடுங்கப்பா என்றான். ஒப்பந்தமாயிற்று. வருடா வருடம் சித்திரையில் எனக்குத் தாடி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவன் என் மோவாயைப் பிடித்து இழுத்துப் பார்ப்பான். இழுத்தால்தான் ராசி.

வீட்டைவிட்டுப் போனபிறகு அவன் என்னோடு பேசவில்லை. திட்டவுமில்லை. அழைத்தால் எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்துக்கு முன் என் தாடியைப் படமெடுத்து அனுப்பினால், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கட்டைவிரல் வரும். மஞ்சள் நிறத்தில், சின்னதாக. போன வருடமும் வந்தது, இந்த வருடமும் வந்தது. என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான்.

4

தாடி நான்காவது வாரத்தில் இருந்தபோதுதான் தங்கை செல்வியின் மகள் வித்யாவுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். முகூர்த்தத்தில் பெண்ணுக்குப் பட்டம் கட்டி, மாலை போட்டு மேடைக்கு அழைத்துவரும் கை என்னுடையது. போகாமல் இருக்க முடியாது.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டில் இருந்த மழித்த முகத்தையும் எதிரே நின்ற தாடியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "திருவண்ணாமலையா, அதானே," என்று முத்திரை குத்தினார்.

வேங்கிக்காலில் செல்வியின் வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் ஓடிவந்தாள். பாதி வழியில் அவள் வேகம் குறைந்ததைப் பார்த்தேன். கண் என் தாடியில் நின்று, எனக்குப் பின்னால் காருக்குள் போய், காலி இருக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு நொடி இருக்கும். "அண்ணி வரலையா?" என்று கேட்கவில்லை. "உள்ள வாண்ணா, வெயில் ஜாஸ்தி," என்றாள். மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கதிருக்குப் பரீட்சை என்று நானாகவே சொன்னேன். கேட்காமலே காரணம் சொல்பவன் பொய் சொல்கிறான் என்பது என் தொழிலின் முதல் பாடம்.

கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் புருஷன் குமரேசன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டான்.

"இன்னா மச்சான், மடம் எந்தப் பக்கம்? போர்டு மாட்டிட்டா நானும் வந்து கல்லாவுல உக்காந்துக்கறேன்."

ஹாக்கி அணிக்காகத் தாடி என்று சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் வித்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். யாரோ பதினோரு பேர் ஜெயிக்க நீங்க ஏன் சொறிஞ்சிக்கணும் என்று கேட்டான். ஆறு பேர் என்று திருத்தினேன். அது இன்னும் மோசமாகப் பட்டது அவனுக்கு. பேச்சுவாக்கில், பக்கத்துத் தெருவில் ஒரு பையன் ஆன்லைன் ரம்மியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டதைச் சொல்லி, "கையை ஒடைக்கணும் மச்சான் அவனுங்கள," என்றான். நான் என் கைகளை மடிமீது எடுத்து வைத்துக்கொண்டேன். நான் ஆடும் தளம் இந்த ஊரில் திறக்காது, சட்டம் விடாது. அந்த இரண்டு வாரம் எனக்கு வேலையும் இல்லை.

5

மறுநாள் சாயங்காலம் தனியாகக் கிரிவலப் பாதையில் நடந்தேன். கதிர் சிறுபிள்ளையாக வந்தபோது, மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிச்சா யார் ஃபர்ஸ்ட்டுன்னு எப்படித் தெரியும் என்று கேட்டான். எல்லோரும் கடைசிதான் என்று சொன்னேன். அன்றைக்கு அது வேடிக்கைக்குச் சொன்னது.

பௌர்ணமி இல்லாததால் கூட்டம் கம்மி. அடி அண்ணாமலை கோயில் பக்கம் கால் வலித்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். செருப்பில்லாத கால், நாலுமுழ வேட்டி, அந்தத் தாடி. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வந்து என் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தாள். புளியோதரை வாசம் வந்தது. நான் சாமியார் இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் குனிந்து காலைத் தொட்டுவிட்டாள்.

"கீழ்பென்னாத்தூர்லர்ந்து வரேன் சாமி. பையன் சிங்கப்பூர்ல இருக்கறான். ஆறு மாசமா போனே எடுக்க மாட்றான். எடுப்பானா?"

எதிராளியின் கையில் என்ன சீட்டு என்று தெரியாமல் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை முடிவெடுப்பவன் நான். எனக்குப் பதினைந்து நொடி போதும். அந்த அம்மாளின் முகத்துக்கு முன்னால் பதினைந்தும் கரைந்தது.

"எடுப்பாம்மா," என்றேன்.

அவள் அதை அப்படியே நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்றைக்கு என்றுகூடக் கேட்காமல் போனாள். வாழ்க்கையில் எத்தனையோ முறை வெறுங்கையை வைத்துக்கொண்டு பெரிய கை இருப்பதாகக் காட்டி ஜெயித்திருக்கிறேன். இதைப்போல ஒருமுறையும் கூசியதில்லை. புளியோதரையைச் சாப்பிட்டேன். பசித்தது.

6

எங்கள் அணியின் ஏழு ஆட்டத் தொடர் மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, ஏழாவது ஆட்டத்தில் வந்து நின்றது. வின்னிபெக்கில் இரவு ஏழரை மணிக்கு ஆட்டம். திருவண்ணாமலையில் அது கல்யாணத்தன்று விடியற்காலை ஆறு. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம் செல்வி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம், பெண்ணோட மாமன் ஏன் தாடியோடு இருக்கிறார், வீட்டில் ஏதாவது துக்கமா என்று. இவள் இல்லை என்றிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. வித்யாவுக்காகத்தான். பட்டம் கட்டற கை உன்னுது. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அந்தத் தாடியத்தான் சொல்லுவாங்க."

வந்ததிலிருந்து செல்வி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எழுந்து அறைக்குப் போனேன். ஜன்னலோரம் நின்று தாடியைப் படமெடுத்தேன். காரணம் அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு செங்கம் ரோட்டில் ஒரு சலூனுக்கு நடந்தேன்.

சலூன்காரர் துண்டைப் போர்த்தி, மோவாயை நிமிர்த்தி, கத்தியை எடுத்தவர் நிறுத்தினார்.

"வேண்டுதலா சார்? வேண்டுதல்னா நான் தொட மாட்டேன். கோயில்லதான் எடுக்கணும்."

கண்ணாடியில் அவர் முகம், என் முகம், பின்னால் சுவரில் அருணாசலேஸ்வரர் காலண்டர். சாதகம் என்ன, பாதகம் என்ன என்று கணக்குப் போடுபவன் நான்; அதிர்ஷ்டம் என்ற ஒன்று இல்லை என்று புதிதாக ஆட வருபவர்களுக்குப் பாடம் சொல்பவன். என் கன்னத்து மயிருக்கும் பூமிக்கு அந்தப்பக்கம் ஓடும் ஒரு ரப்பர் வில்லைக்கும் சம்பந்தமில்லை. இதெல்லாம் தெரிந்தும், அது வேண்டுதல்தான். பத்து வருடத்தில் நான் வேண்டியது அது ஒன்றுதான்.

"இல்லீங்க," என்றேன். "சும்மா வளர்த்தது."

சரக்.

7

காலை ஐந்து மணிக்கு, மண்டபத்து மாடியில் எல்லோரும் பட்டு வேட்டி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நேற்று எடுத்து வைத்திருந்த தாடிப் படத்தைக் கதிருக்கு அனுப்பினேன். இன்றைய படம் போல. இரண்டு நிமிடத்தில் கட்டைவிரல் வந்தது.

ஆட்டத்தின் முதல் பகுதியில் நான் வித்யாவின் நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் மழித்த முகத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். தாலி கட்டும்போது போன் இடுப்பில் இரண்டு முறை அதிர்ந்தது. ஒரு கோல் நமக்கு, ஒரு கோல் அவர்களுக்கு என்று பிறகு பார்த்தேன். பந்தியில் பொங்கல் போட்டுக்கொண்டிருந்தபோது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. முதலில் கோல் போடுபவர் வெற்றி. சமையல்கட்டுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். வில்லை எங்கள் கோல்கீப்பரின் காலுக்கடியில் நுழைந்ததை நான் பார்க்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்தேன். எங்கள் அணிச் சட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றுவிட்டன.

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சமையல்கார அம்மா, என்னா சார் துக்கச் சேதியா என்று கேட்டார். மேட்ச் என்றேன். அவர் துருவுவதைத் தொடர்ந்தார்.

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. திரையில் கதிர் பெயர். இரண்டு வருடத்தில் முதல்முறை.

கதிர் தமிழ் பேசினால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்து வைப்பான், பனி கெட்டியாகாத ஏரியில் கால்வைப்பவன் போல.

"அப்பா, வித்யா அக்கா ஸ்டேட்டஸ் பார்த்தேன். உங்க தாடி இல்ல."

"எடுத்துட்டேன்பா. அத்தை கேட்டாங்க. என்னாலதான் தோத்துட்டோம்."

நான் நொடிகளை எண்ணினேன். தொழில் புத்தி. கோபத்துக்கு இவ்வளவு நேரம் ஆகாது. துக்கத்துக்கும் ஆகாது.

"தோத்துட்டாங்களா?" என்றான்.

அவன் பார்க்கவில்லை. இன்று மட்டும் இல்லை. இரண்டு வருடமாகவே ஹாக்கி பார்ப்பதில்லை, பிடிக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்படியென்றால் அந்தக் கட்டைவிரல் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மாதான் சொன்னாங்க. அப்பா போட்டோ அனுப்பினா ஒரு லைக் போட்டுடு, தனியா இருக்கார்னு."

நாதஸ்வரக்காரர்கள் உள்ளே எதையோ விரைவாக முடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னாலும் அது அவனுக்கு இன்னொரு கடமையாகும்.

"காலையில அனுப்பினது பழைய போட்டோதானே?" என்றான். "ஜன்னல்ல வெயில் இருந்துச்சு. அங்க அப்ப விடியவே இல்லல்ல."

"ஆமாப்பா."

"ஓகே அப்பா. எனக்குத் தூக்கம் வருது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அழைக்கவில்லை. தாடி இல்லாத என் முகத்தை அனுப்ப எனக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. இந்த ஆறு மாதத்தில் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து நான்கு மேசைகளைத் திறக்கிறேன். பிரேசில்காரன் வருகிறான். சீசன் தொடங்கிவிட்டது. அணி நன்றாக ஆடுகிறது. யாரிடமும் சொல்வதில்லை. சில நாள் அந்த ஜன்னலை நினைத்துக்கொள்கிறேன். கட்டைவிரலைக் கடமைக்குப் போட்டவன், ஜன்னலில் வெயில் இருந்ததைக் கடமைக்கா பார்த்திருப்பான்? வைத்துக்கொண்டு ஆடும் அளவுக்கு இது நல்ல சீட்டு இல்லை. கீழே போடவும் மனம் வரவில்லை.

8

கிளம்பும் நாள் மதியம் செல்வி என் பெட்டியைக் கட்டினாள். வேர்க்கடலை, வடகம், கோயில் விபூதி, கதிருக்கு ஒரு சட்டை, எனக்கு வேட்டி. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை முறை வந்தேனோ அத்தனை முறையும் மல்லிகாவுக்கென்று ஒரு புடவையை அவள் எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைப்பாள். அதற்குமேல் ஒரு முழம் பூ. விமானத்தில் வாடிவிடும் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள்.

இந்தமுறை பெட்டி நிரம்பியது. பூட்டப்பட்டது. புடவை இல்லை.

மறந்துட்டியா என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் துணி எடுத்தவள் அவள். என்னை ஏமாற்ற முயலாத ஒரே ஆட்டக்காரி அவள்தான். சீட்டைத் திறந்தே வைத்திருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. குமரேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான், என்ன மச்சான் கல்லையா கட்டிக் குடுத்துருக்கா என்று முனகியபடி.

காரில் ஏறி உட்கார்ந்தேன். கூரைகளுக்கு மேலே மலை வெயிலில் வெளுத்து நின்றது. செல்வி கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை செய்தாள். இறக்கினேன். கையை உள்ளே விட்டு என் கன்னத்தைத் தொட்டாள். நாலு நாள் முள் அவள் உள்ளங்கையில் குத்தியிருக்கும், எடுக்கவில்லை. என் முகத்தில் என்ன வந்ததோ எனக்குத் தெரியாது. ஏதோ வந்திருக்க வேண்டும்.

"இப்பதாண்ணா உன் முகம் தெரியுது," என்றாள். "இனிமே போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லாத."